கறுக்காத குசினி

சளியைப் பற்றி எழுதுவது அருவருப்பான வேலைதான். சாப்பிட்டுக்கொண்டு வாசிக்கிறவர்கள் முதலில் சாப்பாட்டை முடித்துக்கொள்ளுங்கள். சளி இல்லாமல் என் கதையைச் சொல்ல வழியில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் விழித்து உட்கார்ந்த முதல் நாளே மூடி போட்ட சின்னப் பிளாஸ்டிக் போத்தல் ஒன்றை என் கையில் தந்தார் தாதி.

"ரீச்சர், விடிய எழும்பினவுடன வாயைக் கொப்புளிச்சுப்போட்டு, நெஞ்சுக்குள்ளயிருந்து இழுத்துக் காறி இதுக்க துப்புங்கோ. எச்சில் வேண்டாம். சளிதான் வேணும்."

கண்ட இடத்தில் துப்பாதே என்று காலமெல்லாம் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவள் நான். துப்பினேன். மூடுவதற்கு முன் போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். சாம்பல் நிறத்தில் இருந்தது. நடுவில் நூல் மாதிரிக் கறுப்பாக ஒன்று ஓடியது. அந்தக் கறுப்பு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஏன் என்று சொல்ல வேண்டுமானால் எங்கள் குசினியைப் பற்றி, சமைக்கிற இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் வீடு ஊர்காவற்றுறைப் பக்கம், கடலுக்குக் கிட்ட. கணவர் மரியதாஸ் கடற்றொழில் செய்கிறவர். அவருடைய தங்கை பிலோமினா, என் மச்சாள், எங்களோடுதான் இருக்கிறாள். ஒரே மகன் நிக்சன் பிரான்சில். நான் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வு பெற்றவள்.

நிக்சன் அனுப்பிய காசில் வீட்டுக்குள் புதுக் குசினி கட்டினோம். கூரை வரைக்கும் வெள்ளை மாபிள். நாலு அடுப்பு வைத்த காஸ் குக்கர். அதற்கு மேலே புகையை இழுத்து வெளியே தள்ளுகிற விசிறி. அதில் ஒட்டி வந்த பிளாஸ்டிக் தாளைக்கூட இன்னும் உரிக்கவில்லை. யார் வந்தாலும் என் கணவர், இவர்தான் முதலில், "வாருங்கோ, குசினியைப் பாருங்கோ" என்று கூட்டிக்கொண்டு போவார். வந்தவர்கள் கோயிலுக்குள் நுழைகிற மாதிரிச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்ச் சுவரைத் தடவிப் பார்ப்பார்கள். விருந்தாளிக்கு ஒரு தேத்தண்ணி வைக்கக் குக்கரைப் பற்றவைப்போம். அவ்வளவுதான். எண்ணெய் தெறித்தால் மாபிள் மஞ்சளாகிவிடும், மீன் பொரித்தால் மணம் சுவரில் ஊறிவிடும், தாளித்தால் கறுத்துவிடும். ஆகவே அங்கே சமையல் இல்லை.

சமையல் வளவின் பின்பக்கத் தகரக் கொட்டிலில். யன்னல் இல்லை. கதவைத் திறந்தால் காற்று அடுப்பை அணைக்கும் என்று கதவையும் சாத்திவிடுவோம். எங்கள் ஒழுங்கையில் வெளிநாட்டுக் காசு வந்த வீடெல்லாம் இதே கதைதான். முன்னுக்குப் பார்க்க ஒரு குசினி, பின்னுக்குச் சமைக்க ஒரு கொட்டில்.

எரிப்பது தென்னோலை, பனைமட்டை, காய்ந்த பனங்கொட்டை ஊமல். அது பரவாயில்லை என்று வைத்துக்கொள்வோம். மூட்டுவது எதனால் தெரியுமா? கிழிந்த நைலோன் வலைத் துண்டுகளால். கரையோரம் முழுக்க அந்தப் பழக்கம் உண்டு. மண்ணெண்ணெய் தேவையில்லை, ஈர விறகும் உடனே பிடிக்கும். வலை உருகிச் சொட்டுச் சொட்டாக விழும்போது சீறும். கறுப்பாக ஒரு புகை எழும்பும். வலை இல்லாவிட்டால் மீன் பெட்டி உடைந்த ரெஜிபோம் துண்டு, பஞ்சு மாதிரிப் பாரமில்லாத அந்த வெள்ளைப் பிளாஸ்டிக். அந்தப் புகைக்குள் குந்தியிருந்து, ஊதுகுழலை வாயில் வைத்து, கண்ணீர் வடிய நான் ஊதியிருக்கிறேன். புகையை இழுக்கிற விசிறி உள்ளே பிளாஸ்டிக் தாள் போர்த்துக்கொண்டு சும்மா இருந்தது. இப்போது நினைக்க எனக்கே என்மேல் எரிச்சல் வருகிறது.

இருமல் எப்போது தொடங்கியது என்று நினைவில்லை. புகைச்சல் இருமல் என்று அதற்கு ஒரு பெயர் வைத்து வீட்டில் ஒரு ஆளைப் போல வைத்திருந்தோம். மல்லித் தண்ணி குடித்தேன். வேர்க்கொம்பு, அதுதான் சுக்கு, அவித்துக் குடித்தேன். பிறகு மூச்சு வாங்கத் தொடங்கியது. ஒரு ஞாயிறு பூசையில் பாட்டின் ஒரு அடியைப் பாடி முடிக்கக் காற்றுப் போதாமல் வாயைத் திறந்தபடி நின்றேன். பக்கத்தில் நின்றவர்கள் நான் பாடுகிறேன் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

வாடைக்காற்று தொடங்கிய காலத்தில் ஒருநாள் விடிந்தபோது கடலைக் காணவில்லை. காரைநகர்க் கரை இருக்க வேண்டிய இடத்தில் அழுக்குத் தண்ணியில் அலசிய துணி மாதிரி ஒரு சாம்பல் நிறம். இவர் மூடுபனி என்றார். பனிக்கு மணம் இல்லை. இதற்கு மணம் இருந்தது. வானொலியில், தூரத்திலிருந்து காற்று கொண்டுவரும் மாசு என்றும், நெஞ்சு வருத்தக்காரர் வெளியே திரியவேண்டாம் என்றும் சொன்னார்கள். கேட்டுக்கொண்டிருந்த சனம் என்ன செய்தது? வழக்கம்போல முற்றத்தைக் கூட்டிக் குவித்துக் கொளுத்தியது. எங்கள் ஊரில் வளவு சுத்தமாக இருக்க வேண்டும், அதில் சமரசம் இல்லை. காற்று எப்படிப் போனாலும் யாருக்கும் கவலையில்லை. இலை குப்பையோடு சொப்பிங் பை, யோகட் கப், பிள்ளையின் பம்பர்ஸ் எல்லாம் சேர்த்து எரியும். ஈரமான பம்பர்ஸ் எரிகிற மணத்தை மூக்குள்ள மனிதர் யாரும் ஒருமுறை பிடித்தால் மறக்கமாட்டார்கள். புகை மேலே போகாமல் வேலியோடு படுத்துக் கிடந்தது. எங்கள் குவியலும் அதற்குள் இருந்தது.

அன்று காலைதான் கொட்டிலுக்குள் ஊதுகுழலை வாயில் வைத்தேன், ஊதக் காற்று வரவில்லை. உள்ளே இழுக்கவும் வரவில்லை. நெஞ்சுக்கு மேல் யாரோ ஏறி இருந்த மாதிரி. செத்துப்போகிறேன் என்று நினைத்தேன். அந்த நேரத்தில் மாதாவைக் கூப்பிட்டேன் என்று சொன்னால் நன்றாக இருக்கும். நான் கூப்பிட்டது மச்சாளைத்தான், அதுவும் சத்தம் வராமல், அகப்பையால் தகரத்தில் அடித்து.

ஓட்டோவில் தீவு ஆஸ்பத்திரிக்கு, அங்கிருந்து அம்புலன்சில் மண்டைதீவுப் பாதையால் பட்டணத்துக்கு. முகத்தில் ஒட்சிசன் மூடி. விரல் நுனியில் ஒரு கவ்வி மாட்டினார்கள். இரத்தத்தில் ஒட்சிசன் எவ்வளவு இருக்கிறது என்று அது காட்டும். அதில் வந்த இலக்கத்தைப் பார்த்த தாதியின் முகம் மாறியது. எனக்கு இலக்கம் விளங்கவில்லை, முகம் விளங்கியது.

பட்டணத்து ஆஸ்பத்திரி வாட்டில் வந்து கேள்வி கேட்டவர் இளம் பெண் டொக்டர். "அம்மா, நீங்கள் சுருட்டு, சிகரட் ஏதும் பத்துறனீங்களோ?" என்றார். அந்த மூச்சுமுட்டிலும் எனக்குக் கோபம் வந்தது. தலையை ஆட்டி மறுத்தேன்.

"வீட்டில எதில சமைக்கிறனீங்கள்? விறகோ?"

பதில் சொல்ல நான் முகத்து மூடியைக் கழற்றுவதற்குள் இவர் முந்திக்கொண்டார். "சீ, சீ, விறகு எங்க டொக்டர்! காஸ் குக்கர். மகன் பிரான்சிலயிருந்து காசனுப்பிக் கட்டினது. முழுக்க வெள்ளை மாபிள். ஒரு கறுப்புப் பொட்டு இராது. படம் இருக்கு, பாக்கிறீங்களோ?"

சொல்லிவிட்டு ஃபோனை நீட்டினார். டொக்டர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நானும் ஓம் என்று தலையாட்டினேன். படத்தில் இருக்கும் குசினி எங்களுடையதுதானே. மூச்சுக்குத் தவிக்கிற நேரத்திலும் பட்டணத்து டொக்டருக்கு முன்னால் கொட்டில்காரியாக இருக்க மனம் வரவில்லை.

அந்தத் தலையாட்டலுக்கு நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. புகை இல்லை, சிகரட் இல்லை, ஆனால் நெஞ்சு இப்படி இருக்கிறது என்றால் டொக்டர் வேறு எதைத் தேடுவார்? சயரோகமா என்று பார்த்தார்கள். அதற்குத்தான் அந்தச் சளிப் போத்தல். முடிவு வரும்வரை என்னைச் சுவரோரக் கட்டிலுக்கு மாற்றினார்கள். கோயில் சபைப் பெண்கள் பார்க்க வந்து, வாசலில் நின்றபடி சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "செபிக்கிறம் ரீச்சர்" என்றார்கள். தங்கள் வளவில் பம்பர்ஸ் எரியும்போது பொத்தாத மூக்குகள். சிரிக்க நினைத்தேன், இருமல் வந்தது.

பிறகு நெஞ்சை ஸ்கான் செய்ய வேண்டும் என்றார்கள். எதற்கு என்று கேட்டால், "ஒண்டும் பயப்பிடாதேங்கோ, ஒருக்காப் பாப்பம்" என்பார்கள். அந்தச் சொல்லுக்குள் என்ன நோய் ஒளிந்திருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். ஸ்கான் அறைக்கு வெளியே கதிரையில் காத்திருந்தேன். பக்கத்தில் ஒருவர் கிண்ணத்துக்குள் துப்பினார், இன்னொருவர் வெற்றிலை வாயோடு இருமினார். இந்தக் கூட்டத்தோடுதான் சாகப்போகிறேனோ என்று அருவருப்பாக இருந்தது. பிறகு என் கையிலும் ஒரு கிண்ணம் இருப்பதைக் கண்டேன்.

பக்கத்துக் கட்டிலில் நெடுந்தீவு அக்கா ஒருவர் இருந்தார். அவருக்கு என்னைவிட முற்றிய வருத்தம். மூக்கில் ஒட்சிசன் குழாய் இல்லாமல் எழும்பி நடக்க ஏலாது.

"நான் ஒரு சுருட்டுக்கூடப் பத்தினதில்லைப் பிள்ளை," என்றார் ஒருநாள். "அடுப்புத்தான் என்னைத் திண்டது. மழைக்கு ஓலை ஈரமெண்டா நான் பழைய ரயர்த் துண்டு போடுவன். நீர் என்ன போடுவீர்?"

டொக்டர் கேட்டபோது வராத உண்மை அவரிடம் வந்தது. "வலை" என்றேன்.

"வலையோ? அது நல்லாப் பிடிக்கும், என்ன?" என்றார். இரண்டு பேரும் சமையல் குறிப்புப் பரிமாறுகிற மாதிரி நஞ்சைப் பற்றிப் பேசிக்கொண்டோம்.

இவரைக் குறை சொல்லிக்கொண்டே போகிறேன். ஆனால் கடலுக்குப் போகாமல் ஒவ்வொரு நாளும் பஸ் ஏறி வந்தார், என் காலைப் பிடித்துவிட்டார், யாரும் பார்க்காத நேரத்தில் சீப்பெடுத்துத் தலையும் இழுத்துவிட்டார். அன்பு கூடியதால் ஒரு நாள் என்னைக் கொல்லவும் பார்த்தார். ஒட்சிசன் திருகியைக் கொஞ்சம் கூட்டினால் கெதியில் சுகம் வரும் என்று நினைத்து, தாதி அந்தப் பக்கம் திரும்பியதும் கூட்டிவிட்டார். எனக்கு நித்திரை மயக்கம் மாதிரி வந்தது. தாதி ஓடிவந்து குறைத்தார்.

"ஐயா, ஆரைக் கேட்டுத் திருப்பினனீங்கள்? இவவின்ர வருத்தத்துக்கு அளவாத்தான் குடுக்கவேணும். கூடக் குடுத்தா உள்ளுக்க காபனீரொட்சைட்டுத் தேங்கி மயங்கிப்போவா!"

"நல்லதெண்டு நினைச்சுத்தான் மிஸ்..." என்று அவர் சின்னப் பிள்ளை மாதிரி நின்றார். அதன் பிறகு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் கட்டிலுக்குக் கிட்ட வருவார்.

சளியில் சயரோகம் இல்லை. ஸ்கானில் கட்டியும் இல்லை. டொக்டர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நின்ற ஒரு காலையில் மச்சாள் வந்தாள். சாப்பாட்டுக் கரியர் உடைந்துவிட்டதென்று, கஞ்சியை வைத்த சட்டியையே துவாயில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். துவாயை அவிழ்த்து என் மேசையில் வைத்தாள். மேசை விரிப்பில் ஒரு கறுப்பு வட்டம் விழுந்தது. டொக்டர் குனிந்து சட்டியின் அடியை விரலால் ஒருமுறை தடவி, கறுத்த விரலை இவருக்கு முன் நீட்டினார்.

"ஐயா, காஸ் குக்கரில வைச்ச சட்டி இப்பிடிக் கறுக்குமோ?"

மச்சாள் ஒன்றும் அறியாதவளாக, "காஸ் குக்கரிலயோ? ஐயோ டொக்டர், அதில நாங்கள் சமைக்கிறேல்லை. மாபிள் பழுதாப் போயிடுமெல்லே?" என்றாள்.

நெடுந்தீவு அக்காதான் முதலில் சிரித்தார். நான் மூடியைக் கழற்றிவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கொட்டில், கதவு, வலை, ரெஜிபோம், எல்லாம். டொக்டர் ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிறகு ஒரு குழாயைத் தந்து ஊதச் சொன்னார்கள். முழு மூச்சை இழுத்து, ஒரே வீச்சில், நெஞ்சு காலியாகும்வரை ஊத வேண்டும். எவ்வளவு காற்று எவ்வளவு வேகமாக வெளியே வருகிறது என்று மெசின் கோடு கீறும். வாழ்க்கை முழுக்க அடுப்பு ஊதியவளுக்கு இது பெரிய வேலையா என்று நினைத்தேன். மெசினின் கோடு எழும்பவேயில்லை. மருந்தை இழுத்துவிட்டு மறுபடி ஊதினேன். ஆஸ்துமா என்றால் மருந்துக்குப் பிறகு கோடு நன்றாக ஏறுமாம். என்னுடையது ஏறவில்லை.

டொக்டர் கட்டிலின் ஓரத்தில் இருந்து விளங்கப்படுத்தினார். நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்று பெயர். காற்றுப் போகும் குழாய்கள் புகை பட்டுப் பட்டு வீங்கித் தடித்துச் சுருங்கிவிட்டன. நுனியில் உள்ள காற்றுப் பைகளும் சிதைந்துவிட்டன. இழுத்த காற்று வெளியே வராமல் உள்ளே கிடக்கிறது. கண்ணுக்குத் தெரிகிற கரி பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும். கண்ணுக்கே தெரியாத பொடிதான் அடிவரை போய்க் கெடுக்கும். சிகரட்டைத் தொடாதவர்களுக்கும் அடுப்புப் புகையால் இது வரும். வெளியே காற்று கெட்ட நாட்களில் இன்னும் மோசமாகும்.

"கழுவி எடுக்கேலாதோ டொக்டர்?" என்று கேட்டேன். படித்த மனுஷி கேட்கிற கேள்வியா அது? கேட்டேன்.

"நுரையீரலைக் கழுவ ஏலாது அம்மா. போனது போனதுதான். மிச்சமிருக்கிறதைக் காப்பாத்தலாம். மருந்து இழுக்கிற பம் தருவன், ஒழுங்கா இழுங்கோ. ஆனா புகைக்குள்ள திரும்பிப் போனீங்களெண்டா பம்மால ஒண்டும் ஏலாது." பக்கத்துக் கட்டிலைக் கண்ணால் காட்டி, குரலைத் தணித்தார். "பிறகு அப்பிடித்தான்."

நெடுந்தீவு அக்காவுக்கு வீட்டிலும் ஒட்சிசன் மெசின் வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். தீவில் கரண்ட் போனால் என்ன செய்வது, வள்ளத்தில் ஏறும்போது என்ன செய்வது என்று அவருடைய மகள் ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டு திரிந்தாள். மெசினுக்குக் கட்டப்பட்ட மாடு மாதிரி இருக்க எனக்கு ஏலாது. பூசைக்கு நடந்து போக வேண்டும், ஒரு பாட்டையாவது முடிக்க வேண்டும். அதற்குப் போதிய காற்றுத்தான் எனக்கு மிச்சம் இருந்தது.

அன்று பின்னேரம் வாட்டுக்குள் புகை வந்தது. மதிலுக்கு வெளியே யாரோ குப்பை கொளுத்துகிறார்கள். அதே பிளாஸ்டிக் மணம். வரிசையாகக் கட்டில்களில் ஒட்சிசன் மூடியோடு கிடக்கிறோம், ஒருவர் மாறி ஒருவர் இருமுகிறோம், தாதிமார் ஓடி ஓடி யன்னல்களைச் சாத்துகிறார்கள், மதிலுக்கு அப்பால் ஒரு மனிதர் தன் வளவைச் சுத்தமாக்கிக்கொண்டிருக்கிறார். தூ என்று துப்ப வேண்டும் போல இருந்தது. அந்த ஒரு தடவை சளி வேண்டிய நேரத்தில் வரவில்லை.

துண்டு வெட்டி வீட்டுக்கு விட்ட நாளில் இவர் ஓட்டோ பிடித்து வந்தார். வழி முழுக்க, "கொட்டிலுக்க நீர் இனிக் கால் வைக்கக்கூடாது. நான் எல்லாம் ஒழுங்கு பண்ணிப்போட்டன்" என்று சொல்லிக்கொண்டு வந்தார். கேட்க இதமாகத்தான் இருந்தது.

வீட்டு வாசலில் சாம்பிராணி போட்டு வைத்திருந்தார்கள். வரவேற்பாம். நான் சேலைத் தலைப்பை மூக்கில் வைத்துக்கொண்டு சுற்றிப் பின்பக்கத்தால் வந்தேன். தகரக் கூரையின் இடுக்குகளால் கறுப்புப் புகை வந்துகொண்டிருந்தது. உள்ளே ஒருவர் இருமினார். அது என் இருமல். அடியிலிருந்து இழுத்து, நடுவில் முறிந்து, மறுபடி இழுக்கிற அதே இருமல். ஒரு கணம் நான் இங்கே நிற்கிறேனா உள்ளே இருக்கிறேனா என்று தடுமாறினேன்.

கதவைத் தள்ளினேன். மச்சாள் குந்தியிருந்து ஊதிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"வராதேங்கோ மச்சாள், புகை! இனி நான்தான் சமைக்கிறன். அண்ணை சொல்லிப்போட்டார்."

இவர் செய்த ஒழுங்கு இதுதான். எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத என்னிடம் சொல் இல்லை. அவளுடைய கையிலிருந்த ஊதுகுழலைப் பறித்தேன். வாளித் தண்ணியை எடுத்து அடுப்பில் ஊற்றினேன். வெட்டிக் கழுவி வைத்திருந்த விளைமீன் சட்டியைத் தூக்கிக்கொண்டு, மற்றக் கையால் அவளை இழுத்துக்கொண்டு, மூச்சு வாங்க வாங்க வீட்டுக்குள் போனேன். புதுக் குசினிக்குள் போய்க் குக்கரைப் பற்றவைத்தேன். விசிறியின் பிளாஸ்டிக் தாளை உரித்தெறிந்துவிட்டு, அது சுழல, சுவிச்சு ஆழியை அமத்தினேன். தாச்சியில் எண்ணெய் விட்டு, மஞ்சளும் மிளகாய்த்தூளும் பிரட்டிய மீனைப் போட்டேன். வேண்டுமென்றே உயரத்திலிருந்து போட்டேன். எண்ணெய் சீறி வெள்ளை மாபிளில் மஞ்சளாகத் தெறித்து வழிந்தது.

"இஞ்சேரும்! சுவர்!" என்று இவர் பதறிக்கொண்டு ஓடிவந்தார்.

"சுவரைப் பாக்கிறியளோ?" என்றேன். "இவளின்ர இருமலைக் கேளுங்கோ. என்ர இருமல் அது. இவளையும் எனக்குப் பக்கத்துக் கட்டிலில கொண்டுபோய்ப் போடப்போறியளோ?"

அவ்வளவு பேச எனக்கு மூன்று இடத்தில் மூச்செடுக்க வேண்டியிருந்தது. மச்சாள் பம்மைக் கொண்டுவந்து தந்தாள். தந்துவிட்டு அவளும் இருமினாள். இவர் தங்கையைப் பார்த்தார். அவள் இருமி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு தண்ணிக் குழாயில் ஒரு துணியை நனைத்து, சுவருக்குக் கிட்டப் போய், மஞ்சளின் மேல் வைத்து ஒருமுறை இழுத்தார்.

எண்ணெய், மஞ்சள், தூள் எல்லாம் துணியோடு வந்துவிட்டது. சுவர் பழையபடி வெள்ளையாக இருந்தது. துணியைத் திருப்பிப் பார்த்தார், சுவரைப் பார்த்தார்.

"இவ்வளவுதானோ?" என்றார்.